எட்டு பக்கெட் தண்ணீர்

எழுந்துவிட வேண்டும், மணி இரண்டு ஆகப்போகிறது, பன்னிரண்டு மணி நடையைத்தான் விட்டுவிட்டேன், மூன்று மணி நடையையாவது போய்விட வேண்டும், இல்லாவிட்டால் நாலு மணிக்கு அவர் அந்தக் குடியிருப்போர் சங்கத்துக்காரர்களை அழைத்துக்கொண்டு வந்து நிற்கும்போது வீடு அடுப்பாக இருக்கும், மூன்று வருஷத்துச் சாயம் ஒரே நாளில் வெளுத்துவிடும். எழுந்துவிடலாம். இந்த ஈரத்துண்டு காய்ந்ததும் எழுந்துவிடலாம். வயிற்றின் மேல் போட்டுப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள் ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டுவிட்டது. ஹால் தரையில் புடவையை முழங்கால்வரை ஏற்றிக்கொண்டு மல்லாந்து கிடக்கிறேன், ஐம்பத்தொன்பது வயசுப் பொம்பளை, யாராவது எட்டிப் பார்த்தால் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றுதான் நினைப்பார்கள், நினைக்கட்டும். தரை சில்லென்று இருந்த இடமெல்லாம் என் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகிவிட்டது, அரையடி அரையடியாக நகர்ந்து சோபாவை ஒட்டி வந்துவிட்டேன், இதற்கு மேல் நகர்ந்தால் தெருவுக்குத்தான் போகவேண்டும். ஃபேன் இரண்டாம் நம்பரில் சுற்றுகிறது. மூன்றில் வைத்தாலும் கூரையிலிருக்கிற அதே சூட்டைத்தான் கொஞ்சம் வேகமாகக் கீழே தள்ளும், அதற்கு எதற்குக் கரண்ட் என்று அவர் கேட்பார். அதிலே நியாயமும் இருக்கிறது, அதுதான் எரிச்சல். அவர் சொல்கிற எல்லாவற்றிலும் ஒரு நியாயம் இருக்கும். முப்பத்துநாலு வருஷம் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவரிடம் நியாயம் இல்லாமல் போகுமா. சுவரில் அவருடைய தெர்மாமீட்டர் முப்பத்தாறு புள்ளி எட்டு என்று காட்டுகிறது. கையகலப் பெட்டி, கறுப்பு எண்கள். எங்கே படுத்தாலும் கண்ணில் படுகிற மாதிரிதான் மாட்டியிருக்கிறார்.

நாலு மணிக்கு அந்த எண் முப்பத்திரண்டில் நிற்க வேண்டும். வேலூரில், கத்திரி வெயிலில், சுற்றிலும் பாறை மலைகள் தோசைக்கல்லாய்ச் சுட்டுக்கொண்டிருக்கிற ஊரில், ஏசி போடாமல் முப்பத்திரண்டு. தணிகாசலம் சார் வீட்டில் மட்டும். இந்த ஊரில் ஆறு இருக்கிறது தண்ணீர் இல்லை, கோட்டை இருக்கிறது ராஜா இல்லை என்பார்கள். என் வீட்டில் ஏசி இருக்கிறது, குளிர் இல்லை. புனேயில் வேலை பார்க்கிற என் மகள் தாரிணி போன வருஷம் வாங்கி மாட்டிவிட்டுப் போனாள், படுக்கையறையில். அம்மாவுக்கு, அம்மாவுக்கு என்று நாலு தடவை அவரிடம் சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறினாள். அவள் ரயில் காட்பாடியைத் தாண்டியிருக்காது, அதற்குப் பழைய பெட்ஷீட்டால் உறை போட்டாகிவிட்டது. ரிமோட்டிலிருந்து சின்ன பேட்டரி இரண்டையும் எடுத்து இந்தத் தெர்மாமீட்டரில் போட்டார். அதுல சும்மாதானே கிடக்குது என்றார். வீடே இவ்வளவு குளுமையா இருக்கும்போது எதுக்கு என்றார். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மீட்டர் பார்க்க வருகிறவர் இருநூறு யூனிட்டுக்குக் கீழே எழுதிவிட்டுப் போகிற அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், பேரன் பிறந்த மாதிரி இருக்கும். காலை பதினொரு மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போய்விடுவார். அங்கே படிப்பறையில் ஏசி இருக்கிறது. பொது இடத்துக் குளிர், யார் வீட்டு மீட்டரும் ஓடாது. நாலு மணிக்குத் திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் இந்தப் பெட்டிக்கு முன்னால் நின்று பார்த்து, நோட்டை எடுத்து எழுதுவார். முப்பத்திரண்டு. முப்பத்தொன்றரை. முப்பத்திரண்டு. அந்த ஐந்து மணி நேரம் வீட்டில் என்ன நடக்கிறது என்று நோட்டில் ஒரு வரி கிடையாது.

எழுந்துவிடலாம். எட்டு பக்கெட்டும் பின்பக்கம் மாடிப்படிக்குக் கீழே வரிசையாக நிரம்பி நிற்கின்றன. துணி அலசின தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், வாட்டர் ஃபில்டர் கழித்துத் தள்ளுகிற தண்ணீர், எல்லாம் சேர்த்து வைத்தது. மோட்டாரைக் கூடுதலாக ஐந்து நிமிஷம் ஓடவிட்டால் அவருக்குத் தெரிந்துவிடும், யூனிட் காட்டிக்கொடுத்துவிடும். படி பதினெட்டு. மேலே பதினெட்டு சாக்கு, ரேஷன் கடைக்காரரிடம் கேட்டு வாங்கியது, தளம் முழுக்க விரித்திருக்கிறேன். பன்னிரண்டு மணிக்கு எட்டு பக்கெட், மூன்று மணிக்கு எட்டு பக்கெட். நனைந்த சாக்கிலிருந்து ஒரு மாட்டுக்கொட்டகை வாடை வரும், உள்ளங்காலில் சூடு ஏறி உச்சந்தலையில் இறங்கும், ஆனால் கீழே வந்து படுத்தால் கூரை மெதுவாக அடங்குவது தெரியும், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் கைவைத்துப் பார்க்கிற மாதிரி நான் எண்ணைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன், முப்பத்தைந்து, முப்பத்துநாலு. யார் கேட்டார்கள் என்னை? யாரும் கேட்கவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். அவர் ஓய்வு பெற்ற முதல் கோடையில் மாடிக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தார். வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும் என்று டப்பாவில் போட்டிருந்தது. முட்டி வலியோடு தானே நின்று மூன்று கோட் அடித்தார், முதுகில் தோல் உரிந்தது. ஆடி மழையிலேயே அது பாளம் பாளமாகப் பெயர்ந்துவிட்டது, மாடி ஏறினவள் நான், பார்த்தவள் நான். அதோடு அவர் முட்டி போய்விட்டது, பிறகு மாடிப்பக்கமே போகவில்லை. அடுத்த சித்திரையில் இந்தப் பெட்டியை வாங்கி மாட்டினார். முதல் நாள் முப்பத்தேழு காட்டியது. பெட்டியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார், சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்காத பாடத்தை நடத்திவிட்டு வந்த மாதிரி ஒரு முகம். பாவமாக இருந்தது. அடுத்த நாள் அவர் நூலகம் போனதும் இரண்டு பக்கெட் தூக்கிக்கொண்டு மேலே போனேன். ஒரு நாளைக்குத்தானே என்றுதான் போனேன். அன்று முப்பத்துநாலு காட்டியது, அவர் சின்னப்பிள்ளை மாதிரி தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார், பெயின்ட் வேலை செய்யுது, பெயின்ட் வேலை செய்யுது என்று. அதற்கப்புறம் எப்படிச் சொல்வது? மூன்றாம் நாள் சொல்லியிருக்கலாம். முதல் வாரம் சொல்லியிருக்கலாம். அவர் வாட்ஸப் குரூப்பில் பாடம் நடத்த ஆரம்பிப்பதற்குள் சொல்லியிருக்கலாம். இரக்கப்பட்டவளுக்கு எட்டு பக்கெட், வேறென்ன.

இரண்டரை. பக்கத்து வீட்டில் ரெஹானாவின் தையல் மெஷின் சத்தம் நின்றுவிட்டது. அவளும் தரையில் படுத்திருப்பாள். மெஷின் என்றால் எனக்கு எக்ஸ்சேஞ்ச் ஞாபகம்தான் வரும். இருபத்தெட்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் கால் இணைக்கிற டிரங்க் போர்டில் உட்கார்ந்தவள் நான், இதே வேலூரில், இதே கத்திரியில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு. பஸ்ஸில் ஸ்வெட்டரைக் கையில் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். எங்களுக்காகப் போட்ட ஏசி இல்லை அது, பக்கத்து ஹாலிலிருந்த மெஷினுக்காகப் போட்டது, சூடு பட்டால் மெஷின் படுத்துவிடும், எங்களுக்கு அதிலே கொஞ்சம் கசிந்து வந்தது. கோமளா என்று ஒருத்தி, எனக்கு அடுத்த நாற்காலி, ஒருநாள் ஏசி நின்றபோது சொன்னாள், மெஷினாப் பொறந்திருக்கலாம்டி சுகுணா என்று. ஏசி நின்றால் அலாரம் அடிக்கும். மூன்று எஞ்சினியர் செருப்பு சறுக்க ஓடிவருவார்கள். அதே கட்டடத்தில் ஒருநாள் கோமளா மயங்கி விழுந்தாள், ஏழு மாதம் அப்போது, ஒரு அலாரமும் அடிக்கவில்லை, நான்தான் ஹெட்ஃபோனைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். எனக்கும் இப்போது இரண்டு மாதமாகக் கிறுகிறுப்பு வருகிறது, குனிந்து நிமிர்ந்தால் சுவர் ஒரு பக்கமாகப் போகிறது, டாக்டர் பிரஷர் என்றார், வெயிலில் அலையாதீங்கம்மா, குளுமையான இடத்துல இருங்க என்றார். கூடவே வந்திருந்த இவர் பெருமையாகச் சிரித்தார். எங்க வீட்டவிடக் குளுமையான இடம் இந்த ஊர்ல இல்ல டாக்டர் என்றார். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

ஏழாவது படி. அதை நினைக்கக் கூடாது, நினைத்தால் எழுந்திருக்க முடியாது, ஆனால் எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தாலே ஏழாவது படிதான் வந்து நிற்கிறது. பதினைந்து நாளாகிறது. மூன்று மணி நடையில் ஏழாவது பக்கெட், ஏழாவது படி, ஜோசியக்காரன் கேட்டால் கதை கட்டுவான். கால் மடங்கியது தெரியவில்லை, பக்கெட் உருண்ட சத்தம்தான் கேட்டது. கன்னம் படியில் ஒட்டிக்கொண்டிருந்தது, சிமென்ட் சுட்டது, நகர்த்த முடியவில்லை. கொட்டின தண்ணீர் படிப்படியாக இறங்கிக்கொண்டே போனது, மூன்றாவது படியைத் தொடுவதற்குள் காய்ந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். கூப்பிட்டால் ரெஹானாவுக்குக் கேட்கும், கூப்பிடவில்லை. கூப்பிட்டால் ஏன் மாடிப்படியில் கிடக்கிறேன் என்று சொல்ல வேண்டுமே. செத்துப்போனாலும் பொய்யைக் காப்பாற்றிவிட்டுத்தான் சாவேன் போலிருக்கிறது. அப்போது நான் சாமியை நினைத்தேனா, பெற்ற பெண்ணை நினைத்தேனா, எட்டாவது பக்கெட் பாக்கி இருக்கிறதே என்று நினைத்தேன். விழுந்ததைவிட இப்போது அதுதான் பயமாக இருக்கிறது. உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி வந்தேன். அவர் வந்து எண்ணைப் பார்த்தார், முப்பத்திரண்டு, பாத்தியா என்றார். பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்றேன். பதறிவிட்டார், இல்லையென்று சொல்ல மாட்டேன், ஐஸ்கட்டியைத் துண்டில் சுற்றி, கீழே உட்கார்ந்து, அந்த முட்டி வலியோடு கீழே உட்கார்ந்து, என் காலை மடியில் வைத்து ஒத்தடம் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே ஐஸ் எப்படிச் சூட்டை இழுக்கிறது என்று பாடமும் நடத்தினார். எனக்கு அழுகை வந்தது, வலியினாலே என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் பன்னிரண்டு மணிக்கு வீங்கின காலோடு மறுபடி ஏறினேன், அரை பக்கெட்டாக, பதினாறு நடையாக. இன்றைக்குக் காலையில் கணுக்கால் பூசணிக்காயாக நிற்கிறது. அதனால்தான் பன்னிரண்டு மணிக்குப் போகவில்லை. அதனால் மட்டும்தானா?

ரெஹானா நேற்று மதில் பக்கம் வந்து நின்றாள். அவளுக்கும் மேல்தளம் மொட்டை வெயில், சீலிங்குக்கு நேர் கீழே உட்கார்ந்து ரவிக்கை தைக்கிறாள், வியர்வை சொட்டித் துணி கெட்டுப்போகிறது என்று இரண்டு பேர் துணியைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். சீட்டு எடுத்ததும் ஏர்கூலர் வாங்குவதாக இருந்தாள். இப்போது வேண்டாமாம். தணிகாசலம் சார் சொன்ன பெயின்ட்டே அடித்துவிடப் போகிறாளாம், இன்றைக்குச் சங்கத்துக்காரர்களோடு வந்து பார்த்துவிட்டு உடனே ஆளை வரச்சொல்லிவிடுவாளாம். உங்க வீட்டுக்குள்ள வந்தாலே சொர்க்கமா இருக்குதுக்கா என்றாள். நான் தலையாட்டினேன். ஒருமுறை கேட்டிருக்கிறாள், மத்தியானத்துல மாடியில என்னாக்கா சத்தம் என்று. துணி காயப்போடறேன் என்றேன். இப்போது நான் எழுந்து எட்டு பக்கெட்டையும் ஊற்றினால், இரட்டிப்பாகக்கூட ஊற்றலாம், நாலு மணிக்கு முப்பத்துமூன்று வந்துவிடும், அவர் முகம் மலரும், அவள் சீட்டுப் பணம் ஆடி மழையில் பாளம் பாளமாகப் பெயர்ந்து போகும். அப்புறம் அவள் சூட்டுக்கு யார் தண்ணீர் தூக்குவது? அவளே தூக்குவாள். அவளும் ஒன்றும் சொல்ல மாட்டாள். மூன்று மணி. எழுந்திரு. எழுந்து உட்கார்ந்தேன். சுவர் ஒரு பக்கமாகப் போய்த் திரும்பி வந்தது. பின்கதவுவரை சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். பக்கெட்டுகள் வரிசையாக நிற்கின்றன, தண்ணீர் மேலே ஒரு வேப்பம்பழம் மிதக்கிறது. முதல் பக்கெட்டின் பிடியைத் தொட்டேன், பிளாஸ்டிக் சுட்டது. ஏழாவது படி இங்கிருந்தே தெரிகிறது, மற்றப் படிகளைப் போலத்தான் இருக்கிறது. அவர் சாப்பிடாமல் படுத்த முகம் வந்தது, அது வரும் என்று தெரியும். வந்து நிற்கட்டும் என்று நின்றேன். மூன்று வருஷமாக அந்த ஒரு முகத்தைத்தான் தூக்கிக்கொண்டு படி ஏறியிருக்கிறேன். தூக்கினேன், ஒரே ஒரு பக்கெட்டைத் தூக்கினேன், அதைக் கொண்டுபோய் மதிலோரத்து முருங்கைக்கு ஊற்றினேன். ஊற்றிவிட்டு உள்ளே வந்து முகம் கழுவி, வேறு புடவை கட்டிக்கொண்டு, சோபாவில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்துவிட்டேன். முப்பத்தேழு புள்ளி ஒன்று.

நாலடித்து ஐந்து நிமிஷத்தில் வந்தார்கள். சங்கச் செயலாளர் பூங்காவனம், கூட இரண்டு பேர், கடைசியாகத் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ரெஹானா. இவர் வாசலிலேயே பேச ஆரம்பித்துவிட்டார், உள்ளே காலை வைத்ததும் பேச்சு நின்றது. வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், ஒருவர் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார். இவர் நேராகப் பெட்டியிடம் போய் விரலால் தட்டினார், மறுபடி தட்டினார். பேட்டரி வீக்காயிடுச்சு போல சார் என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கண்டதும் பக்கெட் தூக்காத கை எனக்கு வலித்தது.

“பேட்டரி நல்லாத்தாங்க இருக்குது. நான்தான் இன்னைக்கி மேல ஏறல.”

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். பெயின்ட் ஆடியிலேயே பெயர்ந்ததைச் சொன்னேன், சாக்கைச் சொன்னேன், பன்னிரண்டு மணியையும் மூன்று மணியையும் சொன்னேன், பாத்ரூமில் வழுக்கவில்லை என்பதையும் சொன்னேன். டிரங்க் போர்டில் நம்பர் சொல்கிற குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல். ரெஹானா என் காலைப் பார்த்தாள், துணி காயப்போடறேன்னு சொன்னீங்களேக்கா என்று மெதுவாகச் சொன்னாள். இவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நோட்டை மடியில் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார், முப்பத்திரண்டு, முப்பத்தொன்றரை, மூன்று கோடை. கிழித்துவிடுவார் என்று நினைத்தேன், கிழித்தால் நானே எழுந்துபோய் ஒட்டிக்கொடுப்பேன் என்றும் நினைத்தேன், புத்தி அப்படித்தான் போயிற்று. காலைப் பற்றிக் கேட்பார் என்று காத்திருந்தேன். ஏன் சொல்லவில்லை என்றாவது கேட்பார், அடப்பாவி என்றாவது திட்டுவார். தலையை நிமிர்த்தினார். முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது, அந்த முதல் நாள், முப்பத்துநாலு காட்டின நாள் வந்த அதே வெளிச்சம்.

“அப்போ பெயின்ட்டே தேவையில்ல சார். எல்லாம் ஆவியாதல்தான். பழைய சாக்கு, வேளைக்கு எட்டு பக்கெட், ரெண்டு வேளை. அஞ்சு டிகிரி இறங்குது பாருங்க, மூணு வருஷம் ரெக்கார்டு இருக்குது. செலவே கெடையாது.”

பூங்காவனம் தலையாட்டினார். கூட வந்தவர்களில் ஒருவர், வீட்டில் லேடீஸ் மத்தியானம் சும்மாதானே இருக்கிறார்கள், தாராளமாகச் செய்யலாம் என்றார். ரெஹானா மட்டும் கேட்டாள், யார் சார் தூக்கறது என்று. அது யார் காதிலும் விழவில்லை. இவர் பேனாவைத் திறந்து இன்றைய தேதிக்கு நேராக முப்பத்தேழு என்று எழுதி, பக்கத்தில் கட்டம் போட்டு, நீர் பதினாறு பக்கெட், மின் செலவு இல்லை என்று எழுதினார். கையெழுத்து எப்போதும்போல முத்து முத்தாக இருந்தது.

எழுந்தேன். சுவர் நகரவில்லை, அல்லது நகர்ந்ததை நான் கவனிக்கவில்லை. ஆணியிலிருந்து பெட்டியைக் கழற்றி, முதுகு மூடியைத் தள்ளி, இரண்டு பேட்டரியையும் எடுத்தேன். எண் மறைந்தது. சுகுணா, ரீடிங் எடுத்துட்டிருக்கேன் இல்ல என்றார். வெற்றுப் பெட்டியை அவர் நோட்டின் மேல் வைத்துவிட்டு, காலை இழுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போய், பெட்ஷீட் உறையை உருவிப் போட்டேன், தூசி இறங்கியது. அலமாரி மேல் தட்டில் ரிமோட் இருந்த இடம் எனக்குத் தெரியும், ஒரு வருஷமாகத் தெரியும். பேட்டரியைப் போட்டு அமுக்கியதும் பீப் என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டேன். முதலில் சூட்டுக் காற்றுதான் வந்தது, பிறகு எக்ஸ்சேஞ்ச் வாடை வந்தது. வாசலில் ரெஹானா தயங்கித் தயங்கி நின்றுகொண்டிருந்தாள், அவளுக்குப் பின்னால் அவர் நோட்டோடு நின்றார்.

“நீ உள்ள வந்து உக்காரு ரெஹானா. கதவச் சாத்திக்கோ, கரண்ட் வீணாப் போவுது.”